பாலித் தீவின் மனைக்கோயில்களும் மலைத்தளிகளும்

பழந்தமிழ் நூலோர் சாவகம் என வழங்கிய ஜாவாத் தீவின் கீழ்க்கோடியில் நின்று நோக்கின், ஒடுங்கிய கடற்கால் ஒன்றிற்கு அப்பால் பாலித் தீவின் மலைகள் தோன்றும். மிகக் குறுகிய இடத்தில் அக்கடற்கால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் அகலமே உடையது. எனினும் அதன் இக்கரையும் அக்கரையும் சமய வரலாற்றில் நெடுந்தொலைவு பிரிந்து நிற்கின்றன. இக்கரையாகிய ஜாவாவில், 856-ஆம் ஆண்டுச் சிவக்கிருகக் கல்வெட்டோடு தொடர்புபடுத்தப்பெறும் பிரம்பானன் சிவன்றளி 47 மீட்டர் உயரம் ஓங்கி நிற்கின்றது. 10-ஆம் நூற்றாண்டில் அரசிருக்கை கிழக்கு ஜாவாவிற்கு மாறியபின் அத்தளி கைவிடப்பட்டு, இடிந்து, கற்குவியலாய்க் கிடந்தது. அறிஞர்கள் கல்லைக் கல்லோடு பொருத்தி நடுத்தளியை மீண்டும் எழுப்பி முடித்தது 1953-இல். அக்கரையாகிய பாலியிலோ அத்துணைப் பெருந்தளி ஒன்றும் எழுந்ததில்லை. ஆயினும் 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழும் 43 இலட்சம் மக்களில் நூற்றுக்கு எண்பத்தாறுக்கு மேற்பட்டோர் இன்றும் சிவநாமம் கூறி வழிபடுவோராவர்.

பெருங்கோயில் எடுத்த நாட்டில் வழிபாடு அற்றுப்போகவும், சிறு தளிகளே உடைய தீவில் அது நிலைபெறவும் காரணம் என்னை? மஜபாகித் பேரரசு 1343-இல் பாலியை வென்றதும், ஜாவாவில் இசுலாம் பரவிய காலத்தே அங்கிருந்த அந்தணரும் அரசகுடியினரும் பாலியை அடைந்ததும் காரணமெனப் பொதுவாகக் கூறுப. அஃது உண்மையே, ஆனால் முழுமையன்று. அரசரால் வந்த சமயம் அரசரோடு போயிருத்தலும் கூடும். பாலியின் அரசுகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தன. 1906-இல் பாதுங் அரண்மனையும், 1908-இல் குளுங்குங் அரண்மனையும் குருதியில் மூழ்கின. பூசை நிற்கவில்லை. அது நிற்காமைக்குரிய ஏதுவைக் காண விரும்புவோர் அத்தீவின் பழந்தளிகளை மட்டும் கண்டு திரும்புதல் போதாது. சிற்றூர்களின் பழைய மனைகளுள்ளும் புகுந்து பார்த்தல் வேண்டும்.

பாலி நாட்டு மனை ஒரே கூரையின்கீழ் அமைந்த கட்டிடம் அன்று. நாற்புறமும் மதில் சூழ்ந்த ஒரு வளைவினுள் தனித்தனியே நிற்கும் பல சிறு மண்டபங்களின் தொகுதியே மனை எனப்படும். ஒருவர் மட்டும் நுழையத்தக்க குறுகிய வாயிலைக் கடந்தவுடன், எதிரே 'அலிங்-அலிங்' என்னும் மறைசுவர் தடுத்து நிற்கும். தீய ஆவிகள் நேர்வழியிலன்றித் திரும்பிச் செல்லமாட்டா என்பது அவர் கொள்கை. வருவோர் மனையகத்தை நேரே நோக்காவண்ணம் காத்தலும் அச்சுவரின் பயனாம். உள்ளே வடபாலுள்ள அறையில் மனைக்கு முதியோர் துயில்வர். கீழ்பாலுள்ள திறந்த மண்டபத்தில் பிறப்பு முதல் இறப்பு ஈறாகிய சடங்குகள் நிகழும். மணமக்கள் அமரும் அதே மேடையிலேயே பின்னொரு நாள் அம்மனையின் பிணமும் கிடத்தப்படும். தென்பால் அடுக்களையும், அதன் அருகே நெற்கூடும் அமையும். வைக்கோலன்று, தருப்பையினத்ததாகிய நெடும்புல்லே கூரைக்கு உரியது.

இம்மண்டபங்களின் அளவு மனைத்தலைவனின் உடம்பினின்றே எடுக்கப்படுகின்றது. இருகை நீட்டிய மார், முழங்கை முதல் விரல்நுனி வரையுள்ள முழம், மடக்கிய கைப்பிடி என்பவற்றைத் தச்சனாகிய 'உண்டாகி' மூங்கிற்கோலில் குறித்துக்கொண்டு, அக்கோலால் மனை முழுதும் அளப்பன். ஒவ்வோர் அளவிற்கும் மேலாகச் சிறிது கூட்டுவர். அக்கூட்டு மனைக்கு உயிர் தருவது என்பர். அதன் பெயர் 'உரிப்'. இச்சொல்லின் ஒலியைக் கேட்ட அளவிலே தமிழ் 'உயிர்' என எழுந்து கூறத் தோன்றும். அது பொருந்தாது, ஜாவா முதலிய தீவுகளின் மொழிக்குடும்பத்திற்கே உரிய பழஞ்சொல் அது. ஒலியொற்றுமை ஒன்றே பற்றி வரலாறு எழுதுதல் கூடாமைக்கு இஃதொரு சான்று. தூண் நடுங்கால் மரத்தின் அடிப்பாகம் கீழாகவும் நுனிப்பாகம் மேலாகவும் நிற்றல் வேண்டும் என்பதில் அவர் மிக்க கருத்துடையர். தலைகீழாய் நட்ட தூண் குடிக்கு ஆகாது. மனைமுடிந்தபின் அதற்கு உயிர்ப்புச் சடங்கு செய்தே குடிபுகுவர். மனையடி சாத்திரம் பயின்ற நம்மவர்க்கு இவையெல்லாம் முற்றும் புதியன அல்ல.

மனையின் மிகத் தூய மூலை வழிபாட்டிற்கு உரியது. தீவின் தென்பகுதியில் அது வடகிழக்கு மூலை. ஈசானமூலையில் பூசையிடம் வகுக்கும் தமிழ்நாட்டு அன்பர் இதனைக் கண்டு, ஆகம விதியே இது என மகிழ்தல் இயல்பு. ஆயின் மலைத்தொடரைக் கடந்து தீவின் வடகரைக்குச் சென்றால், அதே வழிபாட்டிடம் தென்கிழக்கு மூலையில் அமைந்திருக்கக் காணலாம். பாலியர்க்குத் திசை காட்டுவன வானத்து மீன்கள் அல்ல, மலையும் ஞாயிறுமே. மலைப்பக்கமும் ஞாயிறு எழும் பக்கமும் கூடும் மூலையே அவர்க்குத் தூயது. மலை எப்பக்கம் உளதோ அதற்கேற்ப மூலை மாறும். ஆகம வழக்கு ஒன்று நாட்டின் பழைய மலைவழிபாட்டோடு கலந்து நின்ற நிலை இதனால் விளங்கும்.

அம்மூலையில் நிற்கும் சிறு கோயில்களுள் தலையாயது 'சங்கா கெமூலான்'. மூலம் என்னும் வடசொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. ஒரே மேடைமேல் அறைகள் மூன்று. பிரமன், விட்டுணு, சிவன் ஆகிய மூவர்க்கும் உரியன. இறந்தார்க்குரிய சடங்குகள் யாவும் முடிந்தபின் குடிமுதல்வரின் ஆவியும் அங்கேயே எழுந்தருளச் செய்யப்படும். அறைகளுள் திருவுருவம் ஒன்றும் நிலையாக இருப்பதில்லை. நாள்தோறும் சோறு சமைத்தவுடன், வீட்டார் உண்ணுமுன், சிறு இலைத்துண்டுகளில் சில பருக்கைகள் வைத்து, அக்கோயிலுக்கும் அடுப்பிற்கும் நீர்நிலைக்கும் வாயிலுக்கும் மனையாள் படைத்துவருவாள். அரசன் இருப்பினும் இறப்பினும், குரு வரினும் வாராவிடினும், இப்படையல் தடைப்படுவதில்லை. நகரங்களில் இடம் நெருங்கிவிட்ட இந்நாளிலும் மாடியின் மேற்றளத்திலேனும் அக்கோயிலை அமைத்துக்கொள்கின்றனர். வேற்றூர் சென்று வாழ்வோர் குடிக்கோயிலின் திருநாளில் பிறந்த மனைக்கு மீள்கின்றனர்.

ஆன்மார்த்தம், பரார்த்தம் எனப் பூசையை இருவகைப்படுத்திய சைவ ஆகமங்கள், தன்பொருட்டுச் செய்வதையும் உலகின்பொருட்டுச் செய்வதையும் வேறுபிரித்து விதித்தன. பிரம்பானனில் நிகழ்ந்தது பரார்த்த பூசை. அதனைத் தாங்கிய அரசு அகன்றவுடன் அது நின்றது. பாலியிலோ ஆன்மார்த்தத்தை ஒத்ததொரு வழிபாடு குடிதோறும் வேரூன்றியிருந்தது. ஒவ்வொரு மனையையும் அழித்தாலன்றி அவ்வழிபாட்டை அழித்தல் இயலாது.

இதனை மேலும் தெளிய விரும்புவோர் சிவாசாரியர் ஒருவரின் மனைக்குச் செல்லல் வேண்டும். 'கிருகம்' என்னும் சொல்லே அங்குக் 'கிரியா' எனத் திரிந்து அந்தணர் மனைக்குச் சிறப்புப் பெயராயிற்று. அம்மனைக்குரிய குரு 'பெதண்டா' எனப்படுவார். அவருள் சிவவழியினரும் பௌத்தவழியினரும் என இரு பிரிவினர் உளர். சிவவழிப் பெதண்டா விடியற்காலையில் தம் மனையிலேயே கிழக்கு நோக்கி அமர்ந்து 'சூரியசேவனம்' என்னும் பூசையை ஆற்றுவர். கைகளிலும் உறுப்புக்களிலும் மந்திர நியாசம் செய்து, மணி ஒலித்து, கலசநீரில் சிவனை எழுந்தருள்வித்து, அந்நீரைத் தீர்த்தமாக்குவர். ஊரார் தம் மனைச்சடங்குகளுக்குப் பெற்றுச்செல்வது அத்தீர்த்தமே. அதனாலன்றோ பாலியர் தம் சமயத்தைத் தீர்த்த சமயம் எனவும் வழங்கினர். சிவபூசையின் தொடக்கத்தே சிவசூரியனை வழிபடும் தமிழ்நாட்டுத் தீக்கையாளர், அக்கிரியைமுறையைக் கண்டால் மொழிபெயர்ப்பார் வேண்டாமலே பெரும்பகுதியை உணர்ந்துகொள்வர்.

அப்பூசையில் வழங்கும் பத்தெழுத்து மந்திரம் சைவ அறிஞர் ஆராய்தற்குரியது. 'ச, ப, த, அ, இ' என்பன முதல் ஐந்து. 'ந, ம, சி, வ, ய' என்பன பின் ஐந்து. முன்னைய ஐந்தும் சத்தியோசாதம், வாமதேவம், தற்புருடம், அகோரம், ஈசானம் என்னும் ஐந்து திருமுகங்களின் முதலெழுத்துக்களாம். வாமதேவத்தின் வகரம் அங்குப் பகரமாயிற்று. நம் ஆகமங்கள் தற்புருடத்தைக் கிழக்கிலும், அகோரத்தைத் தெற்கிலும், சத்தியோசாதத்தை மேற்கிலும், வாமதேவத்தை வடக்கிலும், ஈசானத்தை உச்சியிலும் வைக்கும். பாலியரோ சத்தியோசாதம் முதலாக எண்ணும் மந்திரவரிசையை அவ்வாறே கொண்டு, கிழக்கில் தொடங்கி வலமாகச் சுற்றி வைத்து, ஈசானத்தை நடுவில் நிறுத்தினர். எழுத்தும் வரிசையும் மாறவில்லை. திசை மட்டும் மாறிற்று. இது பிழையென ஒதுக்கற்பாலது அன்று. நூல்வரிசையைத் துணையாகக்கொண்டு, தாய்நாட்டுக் கோயில் வழக்கைக் காணாதே நெடுங்காலம் காத்துவந்த ஒரு மரபின் அடையாளம் எனலே தகும். தீக்கைச் சடங்கில் குரு தம் திருவடியை மாணாக்கன் தலைமேல் வைக்கும் வழக்கமும் அங்கு உண்டு. திருவடி தீக்கையின் பெருமை அறிந்தார்க்கு அதனை விரித்தல் மிகை.

வேற்றுமைகளையும் மறைத்தல் ஆகாது. விழாப் படையல்களில் பன்றியும் கோழியும் வாத்தும் இடம்பெறும். பூதங்களுக்கெனக் குருதி சிந்துதலும் உண்டு. புலால் மறுத்தலைச் சைவமென்றே பெயரிட்டு வழங்கும் தமிழன்பர் இவற்றைக் கண்டு திகைப்பர். திருமுறை அங்கு இல்லை, ஓதுவார் இல்லை. பழந்தளிகளிற் கிடக்கும் இலிங்கங்களைப் போற்றுவரேனும், மனைகளில் இலிங்கபூசை இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் ஜாவாவினின்று வந்த நிரர்த்தர் என்னும் குரவர் வகுத்ததாகக் கூறப்படும் பத்மாசனம் என்பது ஆமைமேல் எழுந்த, வெறுமையான உயர்ந்த கல்லிருக்கை. அதன்மேல் அருவமாக இறைவன் வீற்றிருப்பதாகக் கொண்டு வழிபடுவர்.

இனி அத்தீவின் பழந்தளிகளைக் காண்போம். மலைச்சாரலில் 1,745 மீட்டர் உயரத்தில் உள்ள பெனுலிசான் குன்றின் உச்சியிலே, சுகவானா என்னும் பழங்குடி ஊருக்கு அணித்தாய், பழைய திருவுருவங்களும் இலிங்கங்களும் எளிய கூரைகளின்கீழ் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் பின்புறத்தில் 11-ஆம் நூற்றாண்டுச் சக ஆண்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டு குறித்த பாலிக் கல்வெட்டு, செப்பேடுகளுள் மிகப் பழையதாகிய 882-ஆம் ஆண்டுச் செப்பேடும் சுகவானாவிற் கிடைத்ததே. இம்மலையூர் மக்கள் ஜாவா வழி வந்த பெதண்டாக்களை நாடாமல் தம் ஊர் முதியோரைக் கொண்டே வழிபாடாற்றும் பழங்குடியினர். மூங்கிற் பிளவுகளை ஓடுபோல் அடுக்கி வேய்ந்த அவர்தம் பழைய வீடுகள் இந்நாளில் அருகிவருகின்றன. துத்தநாகத் தகடும் சிமெண்டும் அவ்விடத்தைக் கொண்டன. பங்லி நாட்டுப் பெங்லிபுரான் ஊரில் அத்தகைய கூரைகளைப் பேணி நிறுத்தியுள்ளனர். ஆயின் அவ்வூரைக் காணக் கட்டணம் செலுத்தி வருவோர் கூட்டம் பெரிது. வீடு காட்சிப்பொருளாகுங்கால், அடுப்பின்மேல் வைக்கும் அச்சோற்றுப் பருக்கையும் காட்சிக்காகவே வைக்கப்படுமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

பகெரிசான் ஆற்றுப் பள்ளத்தாக்கே பாலியின் பழந்தளிகளுக்கு நடுவிடம். தம்பாக்சிரிங் ஊரருகே, நெல்வயல்களின் நடுவே ஏறத்தாழ முந்நூறு படிகள் இறங்கிச் சென்றால், ஆற்றின் இருகரைப் பாறைகளிலும் குடையப்பட்ட குனுங் காவித் தளிகளைக் காணலாம். கீழ்கரையில் ஐந்து, எதிர்க்கரையில் நான்கு, சற்று அகன்று தனியே ஒன்று, ஆகப் பத்து. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரமுடைய மாடத்தினுள், மென்பாறையில் விமான வடிவாகச் செதுக்கப்பட்டது. உட்புகும் கருவறை இல்லை, வெளித்தோற்றமே உண்டு. அவற்றுள் ஒன்றன் வாயில்மேல், ஜலு என்னுமிடத்தில் மறைந்த அரசர் எனப் பொருள்படும் சிறு தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. உதயண வர்மதேவனுக்கும் கிழக்கு ஜாவா இளவரசி மகேந்திரதத்தைக்கும் மகனாய், 1049 முதல் 1077 வரையுள்ள கல்வெட்டு, செப்பேடுகளால் அறியப்படும் அனக் உங்சு என்னும் அரசனொடு இத்தளிகளை அறிஞர் தொடர்புபடுத்துவர்.

எலும்போ சாம்பலோ வைத்த கல்லறைகள் இவையல்ல. மறைந்த அரசர் இறைவனோடு ஒன்றிய நிலையை நினைந்து எடுத்த நினைவுத்தளிகள். சோழநாட்டில் இதே நூற்றாண்டில் முதலாம் இராசேந்திரன் பழையாறையில் பஞ்சவன்மாதேவியின் பொருட்டுப் பள்ளிப்படைக் கோயில் எடுப்பித்தமை சைவ அன்பர் அறிந்ததே. இரண்டும் ஒரு மரபினின்று பிறந்தன எனத் துணிதற்குச் சான்றில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எண்ணுதல் பயனுடையது. அரசன் தளிகளின் அருகிலேயே துறவோர் உறைந்த பாறைக் குகைகளும், பாறையிலேயே குடைந்தெடுத்த முற்றமும் உண்டு. அம்முற்றத்துள் மிதியடியோடு புகுதல் கூடாது.

பெடுலு ஊரருகேயுள்ள கோவா காஜா என்னும் குகை மற்றொன்று. அகன்ற வாயுடைய பூதமுகமே அதன் வாயில். உள்ளே சென்றால் இருபுறமும் கவைபோற் பிரியும் இருண்ட வழி. ஒரு கோடியில் ஒரே பீடத்தின்மேல் மூன்று இலிங்கங்கள். மறுகோடியில் நான்கு கைகளையுடைய விநாயகர். 1365-இல் இயன்ற நாகரகிருதாகமம் என்னும் ஜாவா நூல் கூறும் 'லுவா கஜா' இவ்விடமே எனக் கருதுவர். இக்குகை 1923-இல் அயலறிஞர் பார்வைக்கு வந்தது. குகையின் எதிரே மண்மூடிக் கிடந்த நீராடு குளமும், குடங்களினின்று நீர் சொரியும் பெண்ணுருவங்களும் 1954-இல்தான் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அருகிலுள்ள பள்ளத்தில் பௌத்தச் சின்னங்கள் உடைந்து கிடக்கின்றன. சிவனடியாரும் புத்தனடியாரும் ஒரே நீர்நிலையை அடுத்து வாழ்ந்தனர் போலும்.

பாழ் என்று இவற்றைச் சொல்லுதல் அயலார் வழக்கே. முகம் தேய்ந்த சிலைக்கும் மூளியான இலிங்கத்திற்கும் பாலியர் வெள்ளையும் மஞ்சளுமான ஆடை உடுத்துகின்றனர். பூவும் அரிசியும் படைக்கின்றனர். பின்னமுற்ற திருவுருவத்தை நீரில் விடுக என்னும் நம் வழக்கு அங்கு இல்லை. இது தொல்பொருளாய்வோர்க்கு ஒருவாறு இடையூறு. ஆடை மூடிய கல்லில் எழுத்து உளதா என நோக்குதல் எளிதன்று. எனினும் அவ்விடையூற்றைப் பொறுத்தலே நேர்மை. தீர்த்த எம்புல் என்னும் ஊற்றுக்கோயிலுக்கு அண்மையிலுள்ள மானுக்காயா ஊரில் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. அவ்வூற்று நீர்நிலையாக அமைக்கப்பட்ட செய்தியைக் கூறுவது அது. அதன் எழுத்தை ஊரார் ஒருவரும் படிக்க அறியார். அறியாதிருந்தும், ஆண்டுதோறும் நான்காம் திங்களின் நிறைமதி நாளில் அக்கல்லைச் சுமந்துசென்று அவ்வூற்றிலே நீராட்டிவந்தனர். பின்னர் அறிஞர் எழுத்தைப் படித்தபொழுது, கல்லுக்கும் ஊற்றுக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு, படிப்பார் இல்லாத கல்லின் பொருளைச் சடங்கே காத்தது. அவ்வூற்றின் நீர் பகெரிசானில் கலந்து, உழவர் கூட்டங்களாகிய 'சுபாக்'குகளின் வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்கின்றது. அவ்வயல்களையும் கோயில்களையும் 2012-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தனர். அறிவிப்பின் பின்னரும் தீவின் வயல்கள் பல விடுதிகளாக மாறிவருதல் நின்றபாடில்லை. வயல் போயின் நீர்க்கோயில் யாருக்கு?

தமிழர்க்கும் இத்தீவிற்கும் உள்ள தொடர்பு யாதென வினவுவோர் உளர். வடகரைச் செம்பிரான் ஊரில் 1987 முதல் நிகழ்ந்த அகழ்வில், அடிப்புறத்தே வட்டவட்டமாகப் புள்ளிவரி பதிந்த மெல்லிய மட்கல ஓடுகள் கிடைத்தன. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்தவற்றை அவை ஒக்கும். ஆகவே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் கரைக்கும் அக்கரைக்கும் இடையே பொருள்கள் சென்றுவந்தமை ஒருதலை. ஆனால் மட்கலம் சென்றமை மதம் சென்றமைக்குச் சான்றாகாது. பாலியின் பழைய சாசனங்கள் வடமொழியிலும் பழம்பாலி மொழியிலும் அமைந்தவை. 914-ஆம் ஆண்டுச் சானூர்க் கற்றூணும் அத்தகையதே. துதிகள் வடமொழி, உரைகள் பழஞ்ஜாவா மொழி. தமிழ்வணிகர் கல்வெட்டு 1088-ஆம் ஆண்டினதாகச் சுமத்திராவின் பாருசில் உண்டேயன்றிப் பாலிக்கு அதனைச் சான்றாக்குதல் ஆகாது.

கொள்கையளவிலும் இத்தெளிவு வேண்டும். இறைவன் பிருகற்பதிக்கு உபதேசிப்பதாக அமைந்து, வடமொழிச் சுலோகமும் பழஞ்ஜாவா உரையும் கலந்த 'பிருகற்பதி தத்துவம்' 1957-இல் அச்சேறியது. சேதனம், அசேதனம் எனப் பொருளை இரண்டாக வகுத்து, சேதனத்தைப் பரமசிவ தத்துவம், சதாசிவ தத்துவம், சிவ தத்துவம் என மூன்றாக்கும் அந்நூல், மாயையால் அறிவு மறைப்புண்ட சிவதத்துவமே உயிர் எனக் கொள்ளும் போக்கினது. உயிர்கள் அநாதியே பலவாய் உள்ளன என்னும் மெய்கண்டார் வழிச் சித்தாந்தத்திற்கு இது உடன்பாடன்று. மந்திரமும் நியாசமும் தீக்கையும் ஒத்திருக்க, முடிந்த பொருளில் இவ்வேற்றுமை உளது. இரண்டும் ஒரு பழைய ஆகம ஊற்றினின்று பிரிந்து, வெவ்வேறு நிலங்களில் ஓடிய ஆறுகள் எனக் கொள்ளுதலே இப்போதைய சான்றுகளுக்கு ஏற்றது. இரவீந்திரநாத தாகூர் 1927-இலும், பிரெஞ்சு நாட்டுப் பேராசிரியர் சில்வேன் லெவி 1928-இலும் அத்தீவிற்குச் சென்றனர். லெவி அங்குத் திரட்டிய வடமொழித் துதிகள் 1933-இல் பரோடாவில் வெளிவந்தன. தமிழாகமம் பயின்றோர் அத்துதிகளை நம் பத்ததிகளோடு வரிக்கு வரி ஒப்பிடுதற்குரிய இடம் இன்னும் பெரிது.

ஒன்று மட்டும் இரு நாட்டார்க்கும் ஐயமின்றிப் பொது. 15-ஆம் நூற்றாண்டில் ஜாவாவில் தனக்குங் என்னும் புலவர் சிவராத்திரியைப் பொருளாகக் கொண்டு காவியம் ஒன்று இயற்றினார். இரவில் விலங்கிற்கு அஞ்சி மரமேறிய வேடன், துயில் வராதிருக்க இலை கிள்ளி இட்டுக்கொண்டிருக்க, அவ்விலைகள் அவன் அறியாமலே கீழிருந்த இலிங்கத்தின்மேல் விழுந்த கதையே அது. ஜாவாவில் பிறந்த அந்நூலைப் பனையோலையில் எழுதி எழுதிக் காத்தவர் பாலியர். ஏழாம் திங்களின் அமாவாசைக்கு முந்திய இரவு அவர்க்குச் சிவராத்திரி. அது பெரும்பாலும் நம் தை மாதத்தை ஒட்டி வரும். அன்றிரவு கோயில்களிலும் மனைமுற்றங்களிலும் கூடியிருந்து அவ்வேடன் கதையை ஒருவர் பழஞ்ஜாவா மொழியில் இசையோடு பாட, மற்றொருவர் பாலி மொழியில் பொருள் கூற, விடியுமளவும் விழித்திருக்கின்றனர்.